சீனியர் ஏ என்றால் இரண்டாவது

அயர்லாந்தின் கார்க் பக்கம் வேலைக்கு வந்த புதிதில், கேன்டீனில் எதிரே உட்காரும் ஆள் "இந்த வருஷம் எங்க ஊர் சீனியர் ஏ" என்றால், அவசரப்பட்டுக் கைகொடுத்து வாழ்த்திவிடாதீர்கள். போன வருஷம் மேலிருந்து கீழே விழுந்த டீமாக இருக்கும். துக்க வீட்டில் போய் இனிப்பு கொடுத்த மாதிரி ஆகிவிடும். பள்ளிக்கூடத்து 'ஏ' செக்‌ஷன் கணக்கு இங்கே செல்லாது. பேச்சு ஹர்லிங் பற்றி, மட்டையால் பந்தை அடித்து ஆடும் அயர்லாந்து விளையாட்டு. கார்க் கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) ஹர்லிங் கிளப்புகள் 2020இல் மாற்றியமைத்த அடுக்குகளில் ஆடுகின்றன: உச்சியில் பிரீமியர் சீனியர், அதற்குக் கீழே சீனியர் ஏ, மூன்றாவது பிரீமியர் இன்டர்மீடியட், பிறகு இன்டர்மீடியட் ஏ. 'சொகுசுப் பேருந்து' என்று எழுதிய வண்டியில் ஷட்டர் இறங்காமல் நனைந்தவர்கள் நாம். பெயரை நம்பி ஏமாறுவது புதிதா என்ன!

சீனியர் ஏ-வில் 12 டீம்கள், நான்கு நான்காக மூன்று பிரிவுகள். ஆளுக்கு மூன்று ஆட்டம். ஜெயித்தால் 2 புள்ளி, டிரா என்றால் 1. ஒவ்வொரு பிரிவிலும் முதல் இருவர் தேறுவார்கள். பிரிவில் முதலில் வந்த மூவரில் சிறந்த இருவர் நேரே அரையிறுதிக்கு. மற்ற நால்வரும் காலிறுதி ஆட வேண்டும். ஒரே பிரிவில் இருவர் மட்டும் புள்ளியில் சமமானால் அவர்களுக்குள் ஆடியதில் ஜெயித்தவர் முன்னால். மற்றபடி அடித்ததற்கும் வாங்கியதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பார்கள். அதனால்தான் பத்துப் புள்ளி முன்னால் இருக்கிற டீமும் கடைசி நிமிஷம் வரை விடாமல் அடிக்கும். 'ஜெயிச்சாச்சு, அப்புறம் ஏன் இந்த வெறி' என்று கேட்கக் கூடாது. கடைசி இடம் பிடித்தவர்களில் மிக மோசமான இருவருக்கு வாழ்வா சாவா ஆட்டம். தோற்றவர் மூன்றாம் அடுக்குக்கு இறங்குவார்.

பலகையில் 1-19, 0-21 என்று இருந்தால் ஜெயித்தது 1-19. முதல் எண் கோல், இரண்டாவது புள்ளி. ஒரு கோலுக்கு 3. ஆக 22க்கு 21. H வடிவக் கம்பத்தின் குறுக்குக் கட்டைக்குக் கீழே பந்து போனால் கோல், பச்சைக் கொடி. மேலே போனால் ஒரு புள்ளி, வெள்ளைக் கொடி. தற்காப்பவர் மட்டையில் பட்டுக் கடைக்கோட்டைத் தாண்டினால் 65 மீட்டர் கோட்டிலிருந்து ஃப்ரீ அடி. பந்தைத் தரையிலிருந்து கையால் எடுக்கக் கூடாது, மட்டையால்தான் எழுப்ப வேண்டும். கையில் வைத்து நான்கு எட்டுக்கு மேல் போனால் விசில். கிளப் ஆட்டம் 60 நிமிஷம்தான். குடையை விரித்து, பிளாஸ்க்கைத் திறந்து நிமிர்வதற்குள் மூன்று புள்ளி போயிருக்கும்.

பிள்ளையை உள்ளூர் கிளப்பில் சேர்க்கும் நம் வீடுகளில் தவறாமல் நடக்கும் பிழை ஒன்று உண்டு. 'வளர்ற பிள்ளை' என்று யூனிஃபார்ம் வாங்குகிற மாதிரி இரண்டு அங்குலம் பெரிய ஹர்லியாக, அதாவது ஆடும் மட்டையாக, வாங்குவது. நீளம் கூடினால் மணிக்கட்டு திரும்பாது. பிள்ளை பிடியின் நடுவில் பிடிக்கும், மட்டையின் வால் வயிற்றில் இடிக்கும், பந்து தப்பும். நேராக நின்று கையைத் தொங்கவிட்டு மட்டையைக் காலோரம் நிறுத்தினால் நுனி மணிக்கட்டு எலும்புக்கு வர வேண்டும், அவ்வளவுதான். ஹெல்மெட்டும் முகக்கம்பியும் 2010 முதல் எல்லோருக்கும் கட்டாயம். அதில் பேரமே கிடையாது.

நல்ல ஹர்லியை ஆஷ் மரத்தின் அடித்தண்டில், வேரோடு வளையும் இடத்திலிருந்து அறுக்கிறார்கள். மரத்தின் ரேகை மட்டையின் வளைவோடு சேர்ந்து ஓடினால்தான் அடி தாங்கும். ரேகை குறுக்கே வெட்டுப்பட்டிருந்தால் முதல் மோதலிலேயே பிளந்துவிடும். 2012இல் அயர்லாந்தில் கண்டுபிடிக்கப்பட்ட பூஞ்சை நோய் இந்த மரங்களை அழித்துக்கொண்டிருக்கிறது. மூங்கில் மட்டைகூட வந்துவிட்டது. மூங்கில் என்றதும் நமக்கு ஒரு பெருமிதம் வரத்தான் செய்கிறது.

கிளப் என்பது இங்கே பங்கு, அதாவது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்ப்பகுதி. தூத்துக்குடிப் பக்கத்தாருக்கு விளக்கவே வேண்டாம்: கோயில், கல்லறை, பள்ளிக்கூடம், மைதானம் எல்லாம் ஒரே எல்லைக்குள். ஆடுபவர்களுக்குச் சம்பளம் கிடையாது, லேசில் கிளப் மாறவும் முடியாது. 'நீங்க எந்த கிளப்?' என்பது நம்முடைய 'சொந்த ஊர் எது?' தான். அதற்குக் குடியிருக்கும் ஊரின் பெயரைச் சட்டென்று சொல்லப் பழகியவர்கள், எல்லாம் செட்டிலாகிவிட்டது என்பார்கள். ஆட்ட இடைவேளையில் வாண்டுகள் மட்டையோடு மைதானத்துக்குள் பாய்ந்ததும், அதே ஆட்கள் கிட்டிப்புள்ளில் யார் மண்டை உடைந்தது என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். இறுதிப்போட்டி வரும் அக்டோபரில் தீபாவளிப் பேச்சும் சேர்ந்துகொள்ளும்.

ஆனால் இங்கே காலூன்றியவர்களுக்குத் தீராத மனக்குறை வேறு. சீனியர் ஏ கோப்பையை வாங்கினால் அதோடு சரி, மேலே ஏறலாம். கவுண்டியைத் தாண்டிப் போக வழியில்லை. கார்க் அடங்கிய மன்ஸ்டர் மாகாணத்தின் இன்டர்மீடியட் போட்டிக்கு கார்க் அனுப்புவது மூன்றாம் அடுக்கின் சாம்பியனை. வாட்டர்கிராஸ்ஹில் என்ற கார்க் கிளப் அப்படித்தான் 2024இல் பிரீமியர் இன்டர்மீடியட் ஜெயித்து, மன்ஸ்டரையும் ஜெயித்து, 2025 ஜனவரியில் டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில் அகில அயர்லாந்துக் கோப்பையைத் தூக்கியது. அதே 2024இல் சீனியர் ஏ ஜெயித்தது பழைய ஹர்லிங் நட்சத்திரம் கிறிஸ்டி ரிங் ஆடிய கிளென் ரோவர்ஸ். 27 முறை கவுண்டியின் சீனியர் பட்டம் பெற்ற கிளப். அவர்களுக்கு சீசன் அக்டோபரிலேயே முடிந்தது. எட்டாம் வகுப்பு 'பி' செக்‌ஷனை டூர் கூட்டிப்போன பள்ளிக்கூடம், 'ஏ' செக்‌ஷனை மட்டும் வீட்டுக்கு அனுப்பியது. கேன்டீன் ஆள் இதைச் சொல்லி அங்கலாய்க்கும்போது வாழ்த்த வேண்டாம். டீ வாங்கிக் கொடுங்கள்.