எல்எல்பிக்கு முன்னால் இன்னொரு பட்டம் வேண்டுமா?

மெட்ரிக் (பள்ளி இறுதி வகுப்பு) பரீட்சை நெருங்கினாலே டர்பன் வீடுகளில் இந்தப் பேச்சு கிளம்பிவிடும்: "லா படிக்கணும்னா முதல்ல எதைப் படிக்கிறது?" அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகன் போனில் ஒன்று சொல்வான், யூடியூப் வேறொன்று சொல்லும். இரண்டுமே அந்த ஊர்க் கணக்கு. அங்கே ஏதோ ஒரு பாடத்தில் நாலு வருடப் பட்டம், பிறகு எல்சாட் என்ற நுழைவுத் தேர்வு, அதன் பிறகு மூன்று வருடம் லா ஸ்கூல். தென்னாப்பிரிக்காவில் 1998 முதல் மெட்ரிக் முடித்த கையோடு நாலு வருடச் சட்டப் பட்டமான எல்எல்பியில் சேரலாம். எல்சாட் கிடையாது. ஆக, இங்கே முதல் பட்டம் என்பது காசும் காலமும் கொடுத்து வாங்குகிற கூடுதல் சரக்கு. கொடுத்த விலைக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

"எங்க காலத்துல பிஏ இல்லாம எல்எல்பி ஏது?" என்று தாத்தாக்கள் சொன்னால் அதுவும் பொய்யில்லை. ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்த டர்பன்காரர் நவி பிள்ளை நேட்டால் பல்கலைக்கழகத்தில் 1963இல் பிஏ முடித்து 1965இல்தான் எல்எல்பி வாங்கினார். அப்போது எல்எல்பி பட்டதாரிகளுக்கு மட்டும். லத்தீன் வேறு படிக்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டாயம் 1990களில் போய்விட்டது.

18 வயதில் ஆரம்பித்தால் நேர் எல்எல்பி 22இல் முடியும். சட்டப் பாடங்களும் சேர்ந்த பிஏ லா அல்லது பிகாம் லா மூன்று வருடம், மேலே எல்எல்பி இரண்டு வருடம் என்றால் 23. சட்டப் பாடமே இல்லாத பட்டத்துக்குப் பிறகு எல்எல்பி மூன்று வருடம், அப்போது 24. ஆர்ட்டிகிள்ஸ், அதாவது வக்கீல் அலுவலகத்தில் எடுக்கும் பயிற்சி, வழக்கமாக இன்னும் இரண்டு வருடம். முதல் பட்டத்துக்குள் எத்தனை லா மாட்யூல் (பாடப் பகுதி) எடுத்தீர்கள், அவற்றை எல்எல்பி கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்களா என்பதை வைத்துத்தான் 23க்கும் 24க்கும் உள்ள அந்த ஒரு வருடம் தீர்மானமாகிறது. பலர் வழுக்கி விழுவதும் இங்கேதான். சைக்காலஜியும் சோஷியாலஜியும் மேஜராக எடுத்துவிட்டு, "லா மாட்யூல் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று மூன்றாம் வருடம் வரை தள்ளிவிடுவார்கள். அல்லது ஓரிடத்தில் பிஏ லா முடித்துவிட்டு இன்னோரிடத்தில் எல்எல்பி கேட்பார்கள். இங்கே அரை வருடப் பாடம், அங்கே அதே பாடம் முழு வருடம், கிரெடிட் கிடைக்காது.

இன்னொன்று, பிஏ லா முடித்துவிட்டால் எல்எல்பியில் இடம் தானாக வந்துவிடாது. சராசரி மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். சேருவதற்கு முன்பே லா ஃபேகல்டிக்கு மின்னஞ்சல் போட்டு இரண்டே கேள்வி கேளுங்கள்: எந்தெந்த மாட்யூலுக்குக் கிரெடிட் உண்டு, எல்எல்பிக்குள் வர எத்தனை சதவீதம் வேண்டும்? பதில் எழுத்தில் இருக்கட்டும். ஓப்பன் டே அன்று மேசைக்குப் பின்னால் நிற்கும் பிள்ளை வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பி மூன்று வருடத்தைப் பணயம் வைக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், கணக்கு வருகிறவர்களுக்குப் பிகாம் லாதான். அட்டர்னி (கட்சிக்காரரோடு நேரடியாக வேலை செய்யும் வக்கீல்) ஆவதற்கான போர்டு எக்ஸாம் நாலு பேப்பர்: கோர்ட் நடைமுறை, உயிலும் எஸ்டேட்டும், அட்டர்னி தொழில் நடத்தை, கடைசியாகப் புக்கீப்பிங். இந்தக் கடைசிப் பேப்பரைக் கண்டுதான் பிஏ பிள்ளைகள் மிரளுவார்கள். உதாரணமாக, கட்சிக்காரர் 20,000 ராண்ட் முன்பணம் கட்டுகிறார். அது கட்சிக்காரர் பணத்தைத் தனியாக வைக்கும் டிரஸ்ட் கணக்குக்குப் போகிறது: டிரஸ்ட் பேங்க் பற்று, கட்சிக்காரர் பெயரில் வரவு. நீங்கள் செய்த வேலைக்குக் கட்டணம் 7,500, அதற்கு 15% வாட் 1,125. பில் போட்ட பிறகுதான் 8,625ஐ அலுவலகக் கணக்குக்கு மாற்றலாம். மீதி 11,375 இன்னமும் கட்சிக்காரர் பணம். அவசரத்துக்கு அதிலிருந்து ஆபீஸ் வாடகை கட்டினால் அது டிரஸ்ட் பற்றாக்குறை. ஒரு நாள் கழித்துத் திருப்பி வைத்தாலும் குற்றம் குற்றமே. வக்கீல்கள் பட்டியலிலிருந்து பெயர் அடிபடுகிற அளவுக்குப் போகும். முதல் வருட அக்கவுண்டிங் படித்தவருக்கு இதெல்லாம் பழகிய பாதை.

ஆனால் பிகாம் கதவு கிரேட் 10இலேயே மூடிவிடலாம். மேத்ஸ் கஷ்டம் என்று மேத்ஸ் லிட்டுக்கு (அன்றாடக் கணக்கு மட்டும் உள்ள எளிய பாடம்) மாறினால் பிகாம் பெரும்பாலும் கிடைக்காது. எல்எல்பிக்கும் பிஏவுக்கும் பல இடங்களில் மேத்ஸ் லிட் போதும். இதைப் பிள்ளைக்கு 15 வயதிலேயே சொல்லிவிட வேண்டும்.

பிஏ பக்கம் போனால் ஆங்கிலம், தத்துவம், வரலாறு நல்லது. வாரம் நூறு பக்கம் படித்து, அதிலிருந்து ஒரு வாதத்தைப் பிரித்தெடுத்து இரண்டு பக்கத்தில் எழுதச் சொல்லும் பாடம் எதுவானாலும் சரி. நாட்டின் துணைத் தலைமை நீதிபதியாக இருந்த டிக்காங் மொசெனெக்கே சட்டப் பட்டங்களோடு ஆங்கிலமும் அரசியலும் சேர்ந்த பிஏவும் படித்தவர். பொலிட்டிகல் சயின்ஸ் எடுத்தால் வக்கீலுக்குத் தனி மதிப்பு என்பது மட்டும் வெறும் பேச்சு. குவாசூலு-நேட்டாலில் தொழில் செய்யப் போகிறவர் அந்த இடத்தில் இசிசூலு (சூலு மொழி) எடுக்கட்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் பாட்டி தன் நிலத்தகராறைத் தன் மொழியில் சொல்லும்போது, மொழிபெயர்ப்பாளர் விட்டுவிடுகிற பாதிக் கதையும் உங்களுக்குக் கிடைக்கும்.

சயின்ஸ், எஞ்சினியரிங் படித்தவர்களுக்கு ஒரு தனிக் கதவு உண்டு: பேட்டன்ட் அட்டர்னி, அதாவது கண்டுபிடிப்புகளின் காப்புரிமையைப் பார்க்கும் வக்கீல். தொழில்நுட்பப் படிப்பு இல்லாமல் அங்கே நுழைய முடியாது. எல்எல்பிக்கு மூன்று வருடம் கூடுதலாகப் போனாலும் அது வீணில்லை.

பணக் கணக்கைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். என்எஸ்ஃபாஸ் என்ற அரசுக் கல்வி உதவி வருடத்துக்கு 3,50,000 ராண்டுக்குள் வருமானம் உள்ள வீடுகளுக்கு. அது முதல் பட்டத்துக்கென்று அமைந்தது. இரண்டாவது பட்டமாக வரும் எல்எல்பிக்கு அதை நம்பித் திட்டம் போடக்கூடாது. அந்த வீட்டுப் பிள்ளைக்கு பிஏ லா எவ்வளவு கவர்ச்சியாகத் தெரிந்தாலும் நேர் எல்எல்பிதான் சரி; எலக்டிவாக அக்கவுண்டிங்கோ இசிசூலுவோ சேர்த்துக்கொள்ளலாம்.

குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக விண்ணப்பிக்கும் சிஏஓ படிவத்தில் ஆறு இடம் இருக்கிறது. நேர் எல்எல்பியை மேலேயும், சட்ட மாட்யூல் எடுக்க முடிகிற பிகாம் அல்லது பிஏவை அதன் கீழேயும் விருப்ப வரிசையில் போடுங்கள். ஆறையும் எல்எல்பியாலேயே நிரப்பிவிட்டு ஜனவரியில் ரிசல்ட் வந்ததும் வேறு இடம் தேடி ஓடுகிற குடும்பங்கள் வருடா வருடம் உண்டு.