யாழ்ப்பாணக் காசில் மாங்குளம் வரை

வன்னியில் இருந்து வந்து இரண்டு நாள். கொண்டுவந்த மூட்டைகளை இன்னும் பிரிக்கவில்லை. ஆனாலும் பஸ்காரர் மேல் உள்ள கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் யாழ்ப்பாணம் போகும் ஏசி பஸ் ஒன்றில் ஏறினோம். நாங்கள் இறங்க வேண்டியது மாங்குளத்தில். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு இன்னும் தொண்ணூறு கிலோமீற்றர் அளவில் கிடக்கிறது. இருந்தாலும் முழுக் காசு, இரண்டு பேருக்கும் 6000 ரூபா. "நீங்கள் இடையில இறங்கினா அந்த சீற் சும்மாதானே அக்கா போகும்" என்றான் பஸ்ஸில் காசு வாங்கும் பொடியன். சரி, அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்று கொடுத்தோம். விடியப்புறம் மூன்றே முக்காலுக்கு எங்களை மாங்குளம் சந்தியில் இறக்கினார்கள். சந்தியில் நின்ற இரண்டு பேர் ஏறிப்போய் எங்கள் சீற்றிலேயே இருந்ததை என் கண்ணால் கண்டேன். நாங்கள் சூடாக்கி வைத்த சீற். இரவு முழுக்க அந்த ஏசிக்குள் விறைத்துக் கிடந்ததற்கு எங்களுக்கு மிஞ்சியது தடிமன்தான்.

எங்கள் கல்யாணம் தையில் நடந்தது. நாலு மாதமாகியும் விருந்துக்கு வரவில்லை என்று இரண்டு பக்கமும் குறை. என் அம்மாவின் ஊர் முள்ளியவளை. என் கணவர் ஹட்டன்காரர், ஆனால் அவருடைய சித்தப்பா குடும்பம் கிளிநொச்சி பாரதிபுரத்தில் இருக்கிறது. ஒரே பயணத்தில் இரண்டு பக்கத்தையும் முடித்துவிடலாம், செலவும் மிச்சம் என்று அவர் கணக்குப் போட்டார். ஒரு கொப்பி வாங்கி, பத்து நாளுக்கு 60,000 என்று எழுதி, பயணத்துக்கு ஒரு பக்கம், சாப்பாட்டுக்கு ஒரு பக்கம் பிரித்தார். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்கும் போக முடியாது என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டோம். பிஸ்கட், அப்பிள், சின்னப் பிள்ளைகளுக்கு ஏதாவது என்று ஒரு வீட்டுக்கு 1500 போனது. ஏழு வீடு. பெருக்கிப் பாருங்கள்.

போக நினைக்கிறவர்களுக்கு உதவும்படி எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதுவதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன். பார்ப்போம்.

மாங்குளத்தில் விடியும்வரை தேத்தண்ணிக் கடை வாங்கில் இருந்துவிட்டு முதல் சீரீபி (அரசாங்க) பஸ்ஸைப் பிடித்தோம். ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் கோயிலைக் கண்டதும் பஸ்ஸில் இருந்தவர்கள் எழும்பிக் கும்பிட்டார்கள். அவர் நித்திரை. முழிக்கும்போதெல்லாம் நந்திக்கடல் களப்பு இறாலைப் பற்றித்தான் கேட்டார். கொழும்பில் இருந்தபோது நான் அளந்த கதை அப்படி.

பெரியம்மா வாசலில் நின்றா. காலைச் சாப்பாடு புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும். மத்தியானம் பருப்பு, பூசணிக்காய், வாழைக்காய்ப் பொரியல், அப்பளம், முட்டியில் எருமைத் தயிர். இரவு திரும்பவும் மரக்கறி. அவர் மெதுவாக என் காதுக்குள், "இறால்?" என்றார்.

பிழை என்னுடையது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் வாரத்தில் போய் நின்றிருக்கிறோம். சிலாவத்தைக் கரையில் எடுத்த கடல்நீரை முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் வைத்து விளக்கெரிக்கிற நாட்கள் அவை. அந்த நாட்களில் பெரியம்மா வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் புழங்காது. பக்கத்து வீடுகளிலும் அப்படித்தான். ஐந்து நாள், மூன்று வீட்டு விருந்து, அத்தனையும் மரக்கறி. எருமைத் தயிரில் தேன் விட்டு, கதலிப்பழம் பிசைந்து தந்ததை மட்டும் அவர் மூன்றாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பாட்டுப் பக்கத்தில் ஒரு சதமும் ஏறவில்லை என்று இரவில் கொப்பியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதும் அவர்தான்.

திங்கட்கிழமை பொங்கல். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி பத்தாவதாகத் தங்கிய இடம், பத்தாம்பளைதான் வற்றாப்பளை ஆனது என்பார்கள். கிழவி வடிவில் வந்தவளுக்கு மாடு மேய்த்த பிள்ளைகள் பொங்கிக் கொடுத்தார்களாம், எண்ணெய் இல்லாததால் கடல்நீரில் விளக்கேற்றினார்களாம். பெரியம்மா இதைச் சொல்லும்போது நேற்று நடந்தது மாதிரி இருக்கும். காவடியும் பாற்செம்பும் கச்சான் கடையுமாக, நந்திக்கடல் கரை முழுக்கச் சனம். விளக்கைக் கிட்டப் போய்ப் பார்க்க எங்களுக்கு ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. அவர் அதற்கு முன்னால் நின்ற நேரத்துக்குப் பின்னால் நின்றவர்கள் ஏச வேண்டியதாயிற்று.

இனி ஆட்டோக் கதை. முள்ளியவளையில் இருந்து கோயில் நாலைந்து கிலோமீற்றர்தான். ஊர்ச்சனம் நடந்து போனது. நான் பட்டுச்சேலை உடுத்தியிருந்தபடியால் ஆட்டோ. போகும்போது 1500 கேட்டான். வரும்போது, இரவு இரண்டு மணி, 2500! மீற்றரைக் காட்டினேன். "அது வேலை செய்யாது அக்கா" என்று சிரித்தான். அடுத்தநாள் காலையில் இதைச் சொன்னதும் பெரியம்மா, "ஆர், சிவப்பு ஆட்டோவோ? உவன் எங்கட ஆளெல்லோ!" என்று செருப்பையும் போடாமல் வெளிக்கிட்டா. என்ன பேச்சு விழுந்ததோ தெரியாது, பின்னேரம் அவனே வந்தான். காசு வரவில்லை. ஒரு பால்மாப் பேணி நிறையப் பாலைப்பழம் வந்தது.

பாலைப்பழம் சாப்பிடாதவர்களுக்கு அதை எப்படிச் சொல்வது? சின்ன மஞ்சள் பழம், தேன் இனிப்பு, வைகாசி ஆனியில் காட்டுக்குள் பழுக்கும். நாலு பழத்துக்குப் பிறகு சொண்டு இரண்டும் பால் பிடித்து ஒட்டிக்கொள்ளும், தேங்காயெண்ணெய் பூசித்தான் எடுக்க வேண்டும். அவருக்கு அதை வேண்டுமென்றே சொல்லவில்லை. அரைப் பேணி முடிந்த பிறகு கதைக்க வாய் திறந்தார், திறக்கவில்லை. பெரியம்மா சிரித்த சிரிப்புக்கு அந்த 4000 ரூபாவைக் கொடுத்திருக்கலாம். அவனுக்கு இல்லை, பெரியம்மாவுக்கு.

செவ்வாய்க்கிழமை மச்சம் திறந்தது. கூழ்! விடியவே பெரியப்பா கரைக்குப் போய் இரண்டு கிலோ இறாலும் நண்டும் மீன்தலையும் கொண்டுவந்தார். காசு கொடுக்க அவர் பொக்கற்றில் கை வைத்ததும், "மருமகன், கையை எடும்" என்றார் பெரியப்பா. பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டுக் கயரை வடித்து வைத்திருந்தார்கள். முற்றத்தில் பெரிய பானை. அரிசி, பயிற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, முருங்கையிலை, பிறகு மீனும் நண்டும் இறாலும், கடைசியில் மாவும் அரைத்த செத்தல் மிளகாயும் புளியும். மாமரத்தின் கீழ் இருபது பேர் வட்டமாக இருந்து, பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தி அதில் குடித்தோம். சோளகக் காற்று அடிக்கிறது, மேலெல்லாம் வியர்வை ஓடுகிறது, மூக்கால் தண்ணி வடிகிறது, ஒருவரும் நிறுத்தவில்லை. கொழும்பில் சில கடைகளில் கிண்ணத்தில் கரண்டி போட்டுக் கூழ் என்று தருகிறார்களே, அது கூழ் இல்லை, சூப். அவர் ஏழு இலை குடித்தார். நான் எண்ணினேன்.

அதற்கு அடுத்தநாள் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு முல்லைத்தீவால் பரந்தன் பஸ் ஏறினோம். வட்டுவாகல் பாலம் வந்ததும் பெரியம்மா கதையை நிறுத்திவிட்டா. 2009 வைகாசியில் அவர்கள் நடந்து வந்தது அந்தப் பாலத்தால்தான். ஒரு பக்கம் நந்திக்கடல், மற்றப் பக்கம் கடல். புதுக்குடியிருப்பு கழியும்வரை யன்னலையே பார்த்துக்கொண்டு வந்தா. நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை. விசுவமடுவில் சோளம் விற்கிற பிள்ளையைக் கண்ட பிறகுதான், "மருமகனுக்கு ரெண்டு வாங்கு பிள்ளை" என்றா.

பாரதிபுரத்தில் கால் வைத்ததும் அவர் வேறு ஆளாகிவிட்டார். முள்ளியவளையில் "ஓம் மாமி, காணும் மாமி" என்று எங்கள் தமிழைப் பழகிக்கொண்டு இருந்தவர், இங்கே "சித்தி, பசிக்குது!" என்று குசினிக்குள்ளேயே போய்க் குந்திவிட்டார். சித்தப்பா 1977 கலவரத்துக்குப் பிறகு, சின்னப் பிள்ளையாக, மலைநாட்டை விட்டு வந்தவர். அப்போது இங்கே காடு. அதை வெட்டி வீடாக்கியது அவர்களுடைய கை. தென்னையும் வாழையும் நிற்கிற அந்த வளவுக்கு இன்னும் காணி உறுதி கிடைக்கவில்லை என்பதை ஒரு முறைதான் சொன்னார், பிறகு கோழியைப் பிடிக்கப் போய்விட்டார். நாங்கள் கொண்டுபோன ஹட்டன் தேயிலைத் தூளை மணந்து பார்த்துவிட்டு, "இது நம்ம தண்ணியில அந்த ருசி வராதும்மா" என்றார். ஆனாலும் ஒரு நாளைக்கு ஐந்து தடவை ஊற்றினார்கள். சுடச்சுடத் தேங்காய் ரொட்டி, கட்டச்சம்பல். பெரியம்மா நாலு ரொட்டி சாப்பிட்டுவிட்டு, சம்பலுக்கு மாசிக் கருவாடு எவ்வளவு போட்டது என்று சித்தியிடம் கேட்டுக்கொண்டிருந்தா. ஊரில் இருந்து வெளிக்கிடும்போது, "அவையின்ர உறைப்பு எனக்கு ஒத்துவராது" என்றவவும் இவதான்.

திரும்பி வர ரயிலில் சீற் இல்லை. வேறு வழியில்லாமல் இரவுப் பஸ். கிளிநொச்சியில் ஏறினோம், யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த மாதிரியே முழுக் காசு வாங்கினார்கள். மூட்டைகளுக்கு மேலதிகமாக 500. மொட்டைக்கறுப்பன் அரிசி பத்துக் கிலோ, ஒடியல் மா, தேன் போத்தல், சித்தியின் பலாப்பழம், பெரியம்மா தந்த விரால் கருவாடு. இந்த 500 பயணமா, சாப்பாடா என்று முறிகண்டி வரும்வரை கொப்பியை வைத்துக்கொண்டு சண்டை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, 200 ரூபாவுக்குக் கச்சான் வாங்கியபோதும் அது தீரவில்லை.

கருவாட்டுப் பார்சலைக் கீழே, லக்கேஜில்தான் போட்டிருக்க வேண்டும். நான் காலடியில் வைத்தேன். வவுனியா தாண்ட, அந்த மூடிய ஏசிக்குள் மணம் மெல்லப் பரவத் தொடங்கியது. பொடியன் ஒவ்வொரு சீற்றாகக் குனிந்து பார்த்து, "ஆற்ற கருவாடு? ஆற்ற கருவாடு?" என்று கேட்டுக்கொண்டு வந்தான். அவர் என் கையைக் கிள்ளினார். நான் நல்ல நித்திரை.