மாஸ்டர் பழக்கிய 'மைக்கன்'

நம் கல்லூரியில் கூடைப்பந்து பயின்றவர்கள் 'மைக்கன்' பயிற்சியை மறந்திருக்க மாட்டார்கள். வளையத்தின் கீழ் நின்று, இடக்காலை உந்தி எழுந்து வலக்கையால் பந்தைப் பலகையில் பட வைத்து வளையத்துள் இறக்கி, அது நிலத்தைத் தொடுமுன் பிடித்து, தோளுக்குக் கீழே தாழ்த்தாமல் மறுபக்கம் நகர்ந்து இடக்கையால் போட வேண்டும். கை சோரும்வரை மாஸ்டர் விடமாட்டார். அந்தப் பெயருக்குரியவரின் வரலாற்றை நான் அறிந்துகொண்டது, புலம்பெயர்ந்து அமெரிக்காவின் மினியாபொலிஸில் குடியேறிய பின்னரே.

ஜோர்ஜ் மைக்கன் 1924 இல் இலினோய் மாநிலத்தின் ஜோலியட் நகரில், குரோஷிய வழிவந்த குடும்பத்தில் பிறந்தவர். மிக உயரமானவர்கள் கூடைப்பந்துக்கு உதவார் என்று பலரும் கருதிய அக்காலத்தில், ஆறடி பத்தங்குல உயரமும் தடித்த மூக்குக்கண்ணாடியும் கொண்ட அவரை, சிக்காகோவின் டிபோல் பல்கலைக்கழகப் பயிற்றுநர் ரே மேயர், கயிறடிக்கவும் குத்துச்சண்டை பழகவும் நடனமாடவும் வைத்து, நாள்தோறும் இரு கைகளாலும் நூற்றுக்கணக்கான முறை பந்தெறியச் செய்து உருவாக்கினார். நாங்கள் வியர்த்துச் செய்த பயிற்சி அங்கே பிறந்ததுதான்.

தொழில்முறை ஆட்டத்தில் மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணிக்கு 1948 முதல் 1954 வரையான ஏழு பருவங்களில் ஆறு பட்டங்களை அவர் வென்று கொடுத்தார். அவரை வளையத்தருகே நிற்கவிடாதிருக்கவே 1951 இல் அதன் முன்னுள்ள தடம் (தாக்கும் அணியினர் மூன்று வினாடிக்கு மேல் நிற்கக்கூடாத பகுதி) 6 அடியிலிருந்து 12 அடியாக அகலமாக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு நவம்பர் 22 அன்று, போர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணியினர் அவருக்கு அஞ்சிப் பந்தை எறியாமல் கையிலேயே வைத்திருந்து 19–18 என வென்றனர். அந்தப் பதினெட்டில் பதினைந்து மைக்கனுடையவை! பந்தைப் பெற்ற அணி 24 வினாடிக்குள் எறிய வேண்டும் என்று 1954 இல் விதி வந்ததற்கு இத்தகைய ஆட்டங்களே காரணம்.

பின்னர் அவர் சட்டத்தரணியானார். 1967 இல் தொடங்கிய ஏ.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கம்) என்ற தொழில்முறைப் போட்டித்தொடருக்கு முதல் ஆணையாளருமானார். ஆனால் பட்டங்களைவிட அவரது இறுதி ஆண்டுகளையே நான் பெரிதாக மதிக்கிறேன். நீரிழிவால் ஒரு காலை இழந்து, சிறுநீரகம் செயலிழந்து சிகிச்சை பெற்றுவந்த நிலையிலும், 1965 இற்கு முன் ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களின் சொற்ப ஓய்வூதியத்தை உயர்த்துமாறு அவர் வாதாடினார். 2005 ஜூன் 1 அன்று அவர் காலமானபோது, இறுதிச் சடங்கின் செலவைத் தாமே ஏற்பதாக முன்வந்தவர், அவருக்குப் பின் லேக்கர்ஸின் நடுக்கள ஆட்டக்காரராக விளங்கிய ஷகீல் ஓ'நீல்.