மணிக்கூண்டுக்குக் கீழே பத்திர அறை

டெக்சாஸில் 254 கவுண்டிகள், நம்மூர் மாவட்டம் மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைநகர். அநேகமாக அதன் நடுச் சதுக்கத்தில் பழைய கோர்ட் கட்டடம். நான்கு வருஷத்தில் முப்பதுக்கும் மேல் ஏறி இறங்கியிருக்கிறேன். வழக்கு எதுவும் இல்லை. காற்றாலைக்கும் சோலார் பண்ணைக்கும் நிலம் குத்தகைக்கு எடுப்பவர்களுக்கு வில்லங்கம் பார்த்துக் கொடுப்பது என் வேலை. பத்திரங்களும் கோர்ட்டிலோ பக்கத்துக் கட்டடத்திலோதான் இருக்கும்.

முந்தின இரவே போய் மோட்டலில் தங்கிவிடுவேன். ஐஸ் பெட்டியில் தயிர்சாதம். காலையில் வண்டியை நிறுத்துவது, படியேறுவது, பத்திர அறைக்குள் நுழைவது. முதல் வருஷம் எந்தக் கட்டடத்தையும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. லாக்ஹார்ட்டில் ஒரு நாள் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. சரியாகட்டும் என்று வெளியே புல்தரையில் வந்து உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன்: வெளிர்மஞ்சள் கல், ஓரங்களில் சிவப்புக் கல், மேலே மணிக்கூண்டு. 1894இல் கட்டியது. இத்தனைக்கும் அது நான் அங்கே போன மூன்றாவது தடவை.

அப்புறம் பார்க்கப் பழகிவிட்டேன். வாக்ஸஹாச்சியில் 1897ஆம் வருஷத்துக் கட்டடத்தின் தூண் தலைப்புகளில் முகங்கள் செதுக்கியிருக்கிறார்கள். சில அழகு, சில கோரம். சிற்பி ஒரு பெண்ணை விரும்பினாராம், அவள் மறுக்க மறுக்க முகம் கோணிக்கொண்டே போனதாம். ஊரில் எல்லோரும் சொல்லும் கதை. ஆதாரம் கேட்கக் கூடாது. ஹில்ஸ்பரோ கோர்ட் 1993 புத்தாண்டு நாளில் எரிந்தது. அந்தக் கவுண்டிக்காரரான பாடகர் வில்லி நெல்சன் கச்சேரி நடத்திப் பணம் திரட்டினார். 1999இல் பழையபடி எழுப்பிவிட்டார்கள்.

ஆனாலும் என் மனசு பத்திர அறையில்தான். இரும்பு உருளைகள் வைத்த அலமாரியில் படுக்கவைத்த தொகுதிகள்; ஒன்றைத் தூக்கினால் முதுகு பிடிக்கும். பழைய பத்திரங்களில் நீளம் அடியில் இல்லை, ஸ்பானியர் விட்டுப்போன 'வாரா'வில். ஒரு வாரா என்றால் முப்பத்து மூன்றே கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். 'அங்கிருந்து வடக்கே 950 வாரா சென்று ஒரு மெஸ்கீட் மரத்தில்' என்று எல்லை போகும். மரம் போய் எத்தனையோ காலம். தாத்தாவின் மூலப்பத்திரத்தில் 'பனைமரத்துக்கு மேற்கு' என்று படித்தவனுக்கு இது ஒன்றும் அந்நியமில்லை.

ஒருமுறை கோட்டைவிட்டேன். ஒரு பண்ணையாருக்கு மூன்று வாரிசு. என் அறிக்கையில் இரண்டு பேர்தான் விற்றிருந்தார்கள். "மூணாவது பங்கு என்னாச்சு?" என்று மேலதிகாரி கேட்டார். பதில் இல்லை. மூன்று மணி நேரம் ஓட்டித் திரும்பிப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "பெண்ணா? அப்போ முதல்ல கல்யாண ரிஜிஸ்டரைப் பாருங்க தம்பி" என்கிற தொனியில் ஏதோ சொல்லி, அவரே எடுத்தும் கொடுத்தார். கல்யாணத்துக்கு முந்தின பெயரிலேயே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கணவன் பெயரில் தேடியதும் கிடைத்தது, 1908ஆம் வருஷத்துக் கிரயம். கீழே நோட்டரியின் குறிப்பு: கணவனை விட்டுத் தனியே விசாரித்ததில், இவள் மனமொப்பியே கையொப்பமிட்டதாகச் சொன்னாள். மணமான பெண் தன் சொத்தை விற்றால் அந்த நாளில் சட்டம் அப்படி. அதன்மேல் அவள் பெயர், நடுவில் ஒரு பெருக்கல் குறி. கைநாட்டுக்குப் பதில் அது. தொகுதியில் இருப்பது நகல்தானே. அந்தக் குறியையும் எழுத்தர்தான் போட்டிருப்பார். மற்ற எழுத்தெல்லாம் சாய்ந்து ஓட, அதை மட்டும் கொஞ்சம் நடுக்கத்தோடு, பார்த்து வரைந்த மாதிரி போட்டிருந்தார்.

நகல் ஒரு பக்கம் ஒரு டாலர். இரண்டு எடுத்துக்கொண்டேன்.