ரிப்போர்ட் வரும் வரை

ஜூலை 22

அப்பாவின் டெஸ்ட் ரிப்போர்ட் வர பத்து நாளுக்கு மேல் ஆகுமாம். அவரிடம், "லீவு போட்டிருக்கிறேன், எங்கேயாவது போய்வரலாமா" என்றேன். உடனே சரி என்றுவிட்டார். எதற்கும் உடனே சரி சொல்கிற ஆள் இல்லை அவர். அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 23

ராத்திரி பதினாலு முறை இருமினார்.

ஜூலை 26

பெங்களூர் பக்கத்து நந்தி மலை. 1,478 மீட்டர், ஆனால் கார் மேலே வரை போகும் என்பதால் கிளம்பினோம். மேலே ஒரே மூட்டம், பக்கத்தில் நிற்பவர் முகமே தெரியவில்லை. ஈரக் காற்றில் இருமல் கூடிவிட்டது, என்னை நானே திட்டிக்கொண்டு இறங்கினேன். அடிவாரத்தில் போகநந்தீஸ்வரர் கோயில். விருந்தாளி யார் வந்தாலும் மேலே கூட்டிப்போகிறோம், ஆயிரம் வருசம் தாண்டிய இந்தக் கோயிலில் வண்டியை நிறுத்துவதே இல்லை. கல்யாண மண்டபத்துக் கருங்கல் தூணை அப்பா உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தார். "வெடி வைக்காம எடுத்த கல்லு" என்றார். வேறு எதுவும் பேசவில்லை.

ஜூலை 28

ஆஸ்பத்திரியிலிருந்து போன் இல்லை.

ஜூலை 29

அடுத்து எங்கே என்று கேட்டேன். ஸ்ரீரங்கப்பட்டணம், சிரவணபெளகொளா என்று நானே அடுக்கினேன். சிரவணபெளகொளாவில் 57 அடி கோமடேஸ்வரரைப் பார்க்க அறுநூறு படிக்கு மேல் ஏறவேண்டும், சொன்ன பிறகுதான் உறைத்தது. அவர் கேட்டது சிவனசமுத்திரம், காவேரி அருவி. அப்பா வேலை பார்த்த கோலார் தங்கவயல் சுரங்கத்துக்கு 1902இல் அங்கிருந்துதான் கரண்ட் வந்தது, 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து. பெங்களூருக்கே அதற்கு மூன்று வருசம் கழித்துத்தான் விளக்கு. தாத்தா அதைக் காவேரி கரண்ட் என்பாராம். தாத்தாவும் பார்த்ததில்லை, அப்பாவும் பார்த்ததில்லை. 2001 பிப்ரவரி 28 சுரங்கத்தை மூடிய நாளை இவர் என்னிடம் நூறு முறை சொல்லியிருப்பார், இந்த ஆசையை ஒரு முறைகூடச் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை? நான் ஏன் கேட்கவில்லை? இங்கிருந்து மூன்று மணி நேரம், அவ்வளவுதான்.

ஜூலை 31

கபினி அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்களாம். அருவி நிறைந்திருக்கும். இருமல் ஒன்பது.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. கனகபுரா, மளவள்ளி வழியாகப் போனோம். அங்கே இரண்டு அருவி, முதலில் ககனசுக்கி. காரை விட்டு இறங்கும்போதே சத்தம், அப்பா நின்றுவிட்டார். கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றிருப்பார். செம்மண் நிறத்தில் தண்ணீர் பிளந்து பிளந்து விழுகிறது, சாரல் அங்கிருந்து இங்கே வந்து அவர் கண்ணாடியில் பொட்டுப் பொட்டாக ஒட்டுகிறது, துடைத்துவிடப் போனேன், வேண்டாம் என்று கையைத் தள்ளினார். பவர் ஹவுஸ் எந்தப் பக்கம் என்று சோளக்கதிர் சுடுகிறவரிடம் கன்னடத்தில் கேட்டார். அவர் கை காட்டிய திசையைப் பார்த்து அப்பா ஒரு கும்பிடு போட்டார். இரண்டாவது அருவி பரசுக்கியில் கீழே இறங்கும் படிகளைப் பார்த்ததும் நானே வேண்டாம் என்றேன். மேலேயே உட்கார்ந்து, கொண்டுபோன புளிசாதமும் தேங்காய் சாதமும் சாப்பிட்டோம். ஒரு பிடி சாதத்தைக் காக்கைக்கு வைத்துவிட்டு, "எங்கப்பனுக்கு" என்றார்.

அங்கே இருந்த வரை ஒரு முறைகூட இருமவில்லை. அல்லது அந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 4

போன் வந்தது. நாளை நேரில் வரவேண்டுமாம், கூட ஒருவரோடு.

ஆகஸ்ட் 5

பத்தரைக்கு டோக்கன். அப்பா ஷேவ் செய்துகொண்டிருக்கிறார். தலக்காட்டில் மணலில் புதைந்த கோயில்கள் இருக்கிறதாமே, அது சிவனசமுத்திரத்துக்குப் பக்கமா என்று உள்ளிருந்து கேட்கிறார்.