ஈரலைப் பார்த்துப் போடும் குத்து

குத்துச்சண்டையில் உனக்குப் பிடித்த குத்து எது என்று யார் கேட்டாலும் எனக்கு யோசிக்கவே வேண்டாம். எதிராளியின் வலது விலாவுக்குக் கீழே இறங்குகிற இடது ஹூக்தான், அதாவது முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசுகிற குத்து. ஜிம்மில் லிவர் ஷாட் என்போம். தாடையில் விழுகிற நாக் அவுட்டைத்தான் ஊரே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறது. ஆனால் அதை வாங்கியவருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. ஈரலில் வாங்கியவருக்கு எல்லாமே தெரியும். எத்தனையாவது ரவுண்டு, ரெஃப்ரி எதுவரை எண்ணியிருக்கிறார், கார்னரில் யார் கத்துகிறார்கள், எல்லாம். எழுந்திருக்கத்தான் முடியாது.

2004 செப்டம்பரில் லாஸ் வேகாஸில் நடந்த பெர்னார்ட் ஹாப்கின்ஸ் – ஆஸ்கர் டி லா ஹோயா சண்டையைத் தேடிப் பாருங்கள். ஒன்பதாவது ரவுண்டில் ஹாப்கின்ஸ் குட்டையாக ஓர் இடது ஹூக்கை விடுகிறார். பெரிய வீச்செல்லாம் இல்லை. டி லா ஹோயா தரையில் கிடக்கிறார், பத்து எண்ணி முடிகிறது, ஆற்றாமையில் கையுறையால் தரையைக் குத்துகிறார். அதற்கு முன் அவரை யாரும் நாக் அவுட் செய்ததில்லை. மனசு எழு எழு என்கிறது, உடம்பு மாட்டேன் என்கிறது. அந்த இழுபறியை இவ்வளவு அப்பட்டமாகக் காட்டுகிற அடி வேறெதுவும் இல்லை.

கல்லீரல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடை. வலது பக்கம் விலா எலும்புகளுக்குள் பத்திரமாக இருந்தாலும், சரியான கோணத்தில் வந்தால் அதிர்ச்சி உள்ளே போய்விடும். அதைச் சுற்றியுள்ள உறையில் நரம்புகள் நிறைய. அடி விழுந்ததும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குகிறது, மூச்சு நின்று போகிறது, கால் மடங்குகிறது. வைராக்கியத்துக்கு இங்கே வேலை இல்லை. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தச் சின்னத் தாமதம். குத்து விழுந்த நொடியில் ஒன்றும் நடக்காது. அடுத்த நொடியில்தான் முகம் மாறும்.

அந்தத் தாமதத்தை நன்றாகப் பார்க்க 2019 நவம்பரில் சைதாமாவில் நடந்த நவோயா இனோவே – நொனிட்டோ டொனைர் சண்டைதான் சரி. இனோவே இரண்டாவது ரவுண்டிலேயே வலது கண் பக்கம் பலமாக அடி வாங்கி, சிரமத்தோடுதான் ஆடிக்கொண்டிருந்தார். பதினோராவது ரவுண்டில் அவருடைய இடது ஹூக் டொனைரின் ஈரலில் இறங்கியது. டொனைர் அங்கேயே விழவில்லை. விலகிப் போய், அப்புறம்தான் மண்டியிட்டார். எண்ணி முடிக்கப்போகிற நேரத்தில் எழுந்தார் பாருங்கள், 36 வயதில்! பன்னிரண்டாவது ரவுண்டையும் நின்று முடித்தார். ஜெயித்தது இனோவே. ஆனால் டொனைர் எழுந்த அந்தக் காட்சிக்கு எனக்கு இன்னமும் புல்லரிக்கும்.

எங்கள் சித்தப்பா இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். பழைய ஹெவிவெயிட் சண்டைகளிலேயே ஊறியவர். "வயித்துல குத்துறதெல்லாம் ஒரு குத்தாடா? தலையில போட்டாத்தான் ஆள் சாயணும்" என்பார். டொனைர் சண்டையைப் போட்டுக் காட்டினேன். அவர் பேசவில்லை. ரிமோட்டை வாங்கி, அந்தப் பதினோராவது ரவுண்டை மறுபடி ஓடவிட்டார்.

எங்கள் ஜிம் மாஸ்டர் இதைச் சொல்லித்தருகிற விதமே ஓர் அழகு. வயிற்றில் பேட் கட்டிக்கொண்டு எதிரே நிற்பார். "கையால குத்தாதப்பா, இடுப்பால குத்து" என்பார். முதலில் தலையைப் பார்த்து ஓர் இடது ஹூக். அதைத் தடுக்க அவருடைய வலது கை மேலே போகும், முழங்கை விலாவை விட்டு விலகும். அந்த இடைவெளி ஓர் உள்ளங்கை அகலம்கூட இருக்காது. இடது காலைக் கொஞ்சம் வெளியே வைத்து, முட்டியை மடக்கி, எடை முழுவதையும் இடது இடுப்பில் ஏற்றி, கீழேயிருந்து சாய்வாக மேலே திருப்ப வேண்டும். சரியாக விழுந்தால் 'பட்' என்று கேட்காது, 'தொம்' என்று அமுங்கின சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே நான் மறுநாளும் போவேன். ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், மட்டும் இதைத் தொட்டுக் காட்டுவதோடு சரி. சக ஆளின் ஈரலோடு யாரும் விளையாடுவதில்லை.

இடது கைக்காரர்கள் வலது காலை முன்னால் வைத்து நிற்பார்கள். அதனால் அவர்களுடைய ஈரல் நமக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கும். அதே சமயம், உதைக்கவும் அனுமதிக்கிற சண்டைகளில் அவர்களுடைய இடது கால் உதை நம் ஈரலுக்கு நேராக வரும், கணக்கு சரியாகிவிடுகிறது. கியோகுஷின் கராத்தேயில் கையால் முகத்தில் குத்தக் கூடாது. அதனால் அவர்கள் உடம்புக் குத்தை ஒரு கலையாகவே வளர்த்து வைத்திருக்கிறார்கள். கையுறை கிடையாது, மார்போடு மார்பு நின்று விலாவிலேயே குத்திக்கொள்வார்கள். நெதர்லாந்தின் பாஸ் ருட்டன் ஜப்பானில் பன்க்ரேஸ் என்கிற கலப்புச் சண்டைப் போட்டிகளில் ஆடியபோது மூடிய முஷ்டியால் முகத்தில் குத்தத் தடை. உள்ளங்கையாலும், ஈரலுக்குப் போடும் உதையாலும் பேர் வாங்கினார்.

அடுத்த தடவை சண்டை பார்க்கும்போது கையுறைகளைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, இரண்டு பேருடைய வலது முழங்கையையும் பாருங்கள். களைப்பு ஏற ஏற, விலாவோடு ஒட்டியிருந்த முழங்கை மெல்ல விலகும். சித்தப்பா இப்போதெல்லாம் அதைத்தான் பார்க்கிறார். விலகியதும் "உள்ள போடுறா, உள்ள போடு" என்று டிவியைப் பார்த்து என்னைவிடச் சத்தமாகக் கத்துகிறார்.