புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கம்

புரோஸ்டேட் புற்றுநோய்க்காக, சிறுநீர்ப் பைக்குக் கீழிருக்கும் அந்தச் சுரப்பியை ரோபோ அறுவை சிகிச்சையில் எடுத்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. மேசைமேல் கிடந்தது சில மணி நேரம். கேட்பவர்கள் எல்லோரும் அதைப் பற்றியே கேட்கிறார்கள். ரோபோ தானாக வெட்டுமா? வெட்டாது. சில அடி தள்ளி அமர்ந்திருக்கும் மருத்துவரின் விரலசைவை அது அப்படியே செய்கிறது, அவ்வளவுதான். வயிற்றில் ஆறு சிறு துளைகள், தலைப்பக்கம் தாழச் சாய்த்துப் படுக்கவைத்ததில் வீங்கிய முகம், உள்ளே ஏற்றிய வாயுவால் தோளில் ஒரு குத்தல். மறுநாளே நடந்தேன். ஒன்பதாம் நாள், சிறுநீர் வடியப் பொருத்தியிருந்த குழாயை எடுத்தார்கள். சொல்ல வேண்டிய கதை அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

குழாயை எடுத்த கையோடு நாற்காலியிலிருந்து எழுந்தேன், நனைந்துவிட்டேன். இருமினேன், மறுபடியும். "கொஞ்ச நாள் கசியும்" என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கொஞ்ச நாள் என்றால் எனக்கு இரண்டு வாரம். அவர் கணக்கில் அது ஓராண்டு வரை நீளும் என்பது பிறகுதான் புரிந்தது.

கணக்கு எழுதியே பிழைத்தவன் நான். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். கசிவை உறிஞ்ச உள்ளாடைக்குள் வைக்கும் பேட், உலர்ந்த நிலையில் சமையலறைத் தராசில் 30 கிராம். நனைந்ததைப் பையில் கட்டி எடைபோட்டு, அந்த 30-ஐக் கழித்தால் கசிவின் அளவு வந்துவிடும். முதல் வாரம் நாளொன்றுக்கு 400 கிராமைத் தாண்டியது. விஷயம் தெரிந்த அன்றே மனைவி சமையலுக்கு வேறு தராசு வாங்கிவிட்டாள்.

இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை ஆறு வாரம் ஒழுங்காக, ஆனால் முற்றிலும் தவறாகச் செய்தேன். இயன்முறை மருத்துவர் என் வயிற்றில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, நீங்கள் தொப்பையைத்தான் இறுக்குகிறீர்கள்" என்றார். மூச்சைப் பிடிக்காமல், வயிறும் தொடையும் தளர்ந்திருக்க, சிறுநீரைப் பாதியில் நிறுத்துவதுபோல உள்ளே தூக்க வேண்டுமாம். எழுவதற்கு முன்னும் இருமுவதற்கு முன்னும் ஒருமுறை இறுக்கிக்கொள்ளவும் சொன்னார். அதன் பிறகுதான் நோட்டில் எண்கள் இறங்கின. பத்தாம் மாதம் ஒரு மெல்லிய பேட் போதுமானது. இன்றும் களைத்த மாலையில் தும்மினால் இரண்டு சொட்டு விழும். அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

ரோபோ என்றால் கசிவு குறைவாக இருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிரிஸ்பேனில் 326 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ரோபோ, மறுபாதிக்குத் திறந்த அறுவை என்று ஒப்பிட்டார்கள். அதன் ஈராண்டு முடிவுகள் நான் மேசையேறிய அதே 2018-இல் வெளிவந்தன. சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் பாலுறவுச் செயல்பாட்டிலும் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ரத்த இழப்பு ரோபோவில் குறைவு. முன்பே படித்திருந்தாலும் ரோபோவைத்தான் தேர்ந்திருப்பேன், ஆனால் அந்த முதல் மாதத்தில் யாரோ ஏமாற்றிவிட்டதாகக் குமுறியிருக்க மாட்டேன்.

படுக்கையறை விஷயத்தைப் பலர் எழுதுவதில்லை. விறைப்புக்கான நரம்புகளில் ஒரு பக்கத்தைத்தான் காப்பாற்ற முடிந்தது. மாத்திரையின் துணையோடு ஏதோ திரும்பிவர ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பிடித்தன, பழையபடி இல்லை. உச்சத்தில் விந்து வராது என்பதை எவரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சுரப்பியையும் விந்துப் பைகளையும் எடுத்த பிறகு எங்கிருந்து வரும்? யோசித்தால் விளங்குகிற விஷயம்தான். அந்த நேரத்தில் யோசிக்கத் தோன்றாது.

இனி பி.எஸ்.ஏ., அதாவது புரோஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம் ரத்தத்தில் எவ்வளவு என்று காட்டும் எண். சுரப்பி போய்விட்டால் அந்த எண்ணும் ஏறக்குறைய பூஜ்யமாக வேண்டும். ஆய்வக அறிக்கையில், வெட்டிய ஓரத்தின் ஓரிடத்தைப் புற்றணுக்கள் தொட்டிருந்தன. உடனே கதிர்வீச்சு கொடுக்கலாமா என்று பேச்சு வந்தபோது, பொறுத்துப் பார்ப்போம் என்றார் மருத்துவர். எனக்குத் தூக்கம் போனது. 2020-இல் வெளிவந்த ராடிகல்ஸ் ஆய்வு அவர் பக்கம் நின்றது: பி.எஸ்.ஏ. ஏறினால் அப்போது கொடுப்பதைவிட உடனே கொடுப்பதால் நோய்க் கட்டுப்பாட்டில் ஆதாயம் தெரியவில்லை, உடனே பெற்றவர்களுக்குக் கசிவுத் தொல்லையும் கூடுதல். என் நோட்டை நினைத்துக்கொண்டேன்.

நான்காம் ஆண்டு 0.03. ஆறு மாதம் கழித்து 0.05. தொடர்ந்து இருமுறை 0.2 வந்தால்தான் நோய் திரும்பியதாகக் கொள்வது வழக்கம், அதற்கு இன்னும் தூரம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், இரண்டு புள்ளிகளை வைத்துக் கோடு போட்டு, அது எந்த மாதம் 0.2-ஐத் தொடும் என்று நள்ளிரவில் கணக்குப் போட்டேன். மருத்துவரிடம் அந்தத் தாளை நீட்டினேன். படித்துப் பார்த்தார், மடித்துத் திருப்பித் தந்தார். "எப்போதும் ஒரே ஆய்வகத்தில் ரத்தம் கொடுங்கள்" என்றார்.

அன்றிலிருந்து ஒரே ஆய்வகம். முடிவை முதலில் மனைவி பார்ப்பது என்று ஏற்பாடு. போன மாதம் கைபேசியைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என்னிடம் நீட்டினாள். அதே 0.05.